‘இந்த உடம்பு தாங்கும்’ என்ற பொய்

பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்தில் ‘வீரன்’ என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. கோட்டைக்குப் போகிற சாலையில் இருக்கிறது. சிலைகளின் பீடத்தில் இருக்கிறது. கொடைக்கும் பொங்கலுக்கும் ஒட்டுகிற மின்னொளி கபடிப் போட்டிச் சுவரொட்டியில், பதினேழு வயதுப் பையனின் படத்துக்குக் கீழேயும் இருக்கிறது. அந்த வீரனுக்கு நாற்பது வயது ஆகும்போது அவன் தலைக்குள் என்ன நடக்கும், அவன் எப்படித் தூங்குவான், யாரிடம் கோபப்படுவான், எத்தனை வயதில் சாவான் என்று எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை. நாமும் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

வீரன் என்று அழைத்துவிட்டு, பிறகு கைகழுவுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர் கவர்னகிரி சுந்தரலிங்கம். 1799-இல் கும்பினிப் படையின் வெடிமருந்துக் கிடங்கை அழிக்க அவரும் வடிவும் தங்கள் உயிரையே தந்ததாக நம் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அவர் உடலைக் கேட்டபோது யாருக்கும் தீட்டு நினைவு வரவில்லை. ஆனால் 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தபோது தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்தது. தலித் உடலின் வீரம் வேண்டும், அந்த உடலுக்குரிய மதிப்பு மட்டும் வேண்டாம் என்கிற கணக்கு அது. கபடிக் களத்திலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது.

நம் தெருவில் ஏன் கபடி?

கபடிக்கு மட்டை வேண்டாம், காலணி வேண்டாம், பந்துகூட வேண்டாம். ஏழு பேரும் ஒரு துண்டு நிலமும் போதும். கோவில்பட்டியில் ஹாக்கிக்குச் செயற்கைப் புல்தளம் இருக்கிறது. கரிசல் கிராமத்துக் காலனிகளில் கபடிக்கு இருப்பது அறுப்பு முடிந்த களமும் கம்மாய்க் கரையும்தான். மழை பெய்தால் சேறு. கோடையில் அதே கரிசல் பாளம்பாளமாக வெடித்துக் கல்லாக இறுகிவிடும். அந்தத் தரையில்தான் நம் பிள்ளைகள் விழுந்து எழுகிறார்கள்.

அவர்கள் ஆடுவதற்குக் காரணம் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஊர்த்தெருவுக்குள் குனிந்து போக வேண்டியிருந்த தகப்பனின் பிள்ளை, கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாகப் போய், ஏழு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறான். தொடக்கூடாது என்று சொன்ன சமூகத்தில், தொட்டால் புள்ளி தருகிற விளையாட்டு இது. இந்த ஒன்றுக்காகவே கபடி நம்முடையது என்று சொல்லலாம்.

அதில் ஒரு வழியும் தெரிகிறது. தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்திலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையின் தூண்டலில் மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ 2025 தீபாவளிக்கு வந்தபோது நம் பையன்கள் எத்தனை முறை பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. 2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கின் 2023 ஏலத்தில் பவன் செராவத் 2 கோடியே 60 லட்சத்துக்கு விலைபோனார். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. இந்த வெளிச்சமெல்லாம் உண்மை. ஆனால் அந்த வாசலுக்குள் நுழைகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வாசலுக்கு வெளியே, வார இறுதிகளில் ஊர் ஊராகப் போய், சில ஆயிரம் ரூபாய்க்கும் ஒரு கோப்பைக்கும் ஒரு வேளை கறிச்சோற்றுக்கும் ஆடுகிறவர்களே மற்ற எல்லாரும். இவர்களுக்குச் சம்பளப் பட்டியல் இல்லை, ஒப்பந்தம் இல்லை, அணி மருத்துவர் இல்லை. ஆனால் விழுகிற அடியில் மட்டும் தொழில்முறை, உள்ளூர் என்ற வேறுபாடு இல்லை.

களத்துக்கு வெளியே விழுகிற அடியும் நமக்குப் புதிதல்ல. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த 11-ஆம் வகுப்பு தலித் மாணவனை இழுத்துப் போட்டு வெட்டினார்கள். அவன் கைவிரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் தன் மகன் அணி வென்றதுதான் காரணம் என்று அந்தத் தகப்பன் சொன்னார். அந்த வெட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, நாமும் தெருவில் இறங்கினோம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காயத்தைப் பற்றி இப்போது பேச வேண்டியிருக்கிறது. அதைச் செய்கிற கையும் தனியாகத் தெரியாது. பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வருகிற காயம் அது.

தலைக்குள் என்ன நடக்கிறது?

ரைடு போகிறவனின் கணுக்காலைப் பிடிக்க ஒருவன் தலைகுப்புறப் பாய்கிறான். உதறுகிற முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடிக்கிறது. கோர்வையாக நான்கு பேர் மேலே விழும்போது அடியில் இருப்பவனின் பின்மண்டை தரையில் மோதுகிறது. ஓடிவந்து தோளால் முட்டித் தள்ளும்போது கழுத்து வெட்டி இழுக்கிறது. எழுந்து நிற்கிறான். கண் இருட்டுகிறது. எதிரணி எந்தப் பக்கம் என்று ஒரு கணம் தெரியவில்லை. முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள், விசில் ஊதுகிறது, மறுபடி பாடிப் போகிறான். கூட்டம் கைதட்டுகிறது. ‘கன்கஷன்’ எனப்படும் மூளை அதிர்வு பெரும்பாலும் இப்படித்தான் வந்து போகிறது. நினைவு தப்பி விழுந்தால்தான் மூளைக்கு அடி என்று நினைக்கிறோம். அது தவறு. பெரும்பாலான மூளை அதிர்வுகளில் நினைவு தப்புவதே இல்லை.

மண்டை ஓட்டுக்குள் மூளை மென்மையான பொருளாக நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. தலை திடீரென்று நிற்கும்போதும் திருகும்போதும் அந்த மென்மையான பொருள் உள்ளே இழுபடுகிறது, நரம்பிழைகள் முறுக்கிக்கொள்கின்றன. ஒரு முறை என்றால் பெரும்பாலும் ஆறிவிடும். நூற்றுக்கணக்கான முறை, ஆண்டுக்கணக்கில், ஆற நேரம் தராமல் நடந்தால் சிலருக்கு ‘டௌ’ என்ற புரதம் தவறான இடங்களில் படியத் தொடங்குகிறது. ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் அது பரவுகிறது. சி.டி.இ. என்று மருத்துவர்கள் அழைக்கிற நோய் இது. மறதி, சட்டென்று வெடிக்கிற கோபம், அடக்க முடியாத பதற்றம், ஆழ்ந்த சோர்வு, பிறகு அறிவுத் தேய்வு என்று அது நகர்கிறது. உயிரோடு இருக்கும்போது இதை உறுதிசெய்ய முடியாது. இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தால்தான் உறுதியாகும்.

1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குடிக்காமலே குடித்தவர்கள் போலத் தள்ளாடிய குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதினார். நம் வடசென்னை வாத்தியார்களுக்கும் அப்படிப்பட்டவர்களைத் தெரியும். 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடினார். ஊரே திரண்டது. அதே ஆண்டு அக்டோபரில் லேரி ஹோம்ஸிடம் அவர் வாங்கிய அடியை உலகமே பார்த்தது. 1984-இல், 42 வயதில், அவருக்கு பார்க்கின்சன் நோய்க்குறி என்றார்கள். அதில் அடிகளின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். உலகத்தின் மிக அழகான பேச்சுக்காரர்களில் ஒருவருடைய குரல் மெல்ல மெல்லத் தேய்ந்துபோனதில் மட்டும் வாதம் ஏதுமில்லை.

2002-இல் மைக் வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் வீடில்லாமல் வண்டிக்குள் தூங்கியவர். அவர் மூளையை ஆராய்ந்து, குத்துச்சண்டைக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த நோயைக் கண்டுபிடித்தவர் பென்னட் ஒமாலு. நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு கறுப்பின மருத்துவர். 2005-இல் அவர் கட்டுரை வெளியானதும், அதைத் திரும்பப் பெறச் சொல்லி அந்த லீக்கின் மருத்துவக் குழுவினர் இதழுக்கு எழுதினார்கள். அறிவியலோடு லீக் சமாதானம் ஆகப் பல ஆண்டுகள் ஆயின.

சாவின் கணக்கு சொல்வது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பயமுறுத்துவது நம் வேலையல்ல. 1959-க்கும் 1988-க்கும் இடையே குறைந்தது ஐந்து சீசன் ஆடிய 3,439 அமெரிக்கக் கால்பந்து வீரர்களை அந்நாட்டு அரசின் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் ஆராய்ந்தது. மொத்தத்தில் அவர்கள் பொதுமக்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். ஆனால் நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. 2019-இல் வெளியான கிளாஸ்கோ ஆய்வும் இதையே சொன்னது. ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை 23,028 பொதுமக்களோடு ஒப்பிட்டார்கள். இதயநோயாலும் நுரையீரல் புற்றுநோயாலும் வீரர்கள் குறைவாகவே இறந்தார்கள். மூளை தேயும் நோய்களால் ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகமாக இறந்தார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், விளையாட்டு இதயத்துக்குக் கொடுக்கிறது, தலையில் அடி விழுகிற விளையாட்டு மூளையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கொடுப்பது முதலில் வருகிறது, எடுப்பது கடைசியில் வருகிறது.

இப்போது இந்தக் கணக்கை ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காலனி ஒன்றில் போட்டுப் பாருங்கள். அந்த வீரர்களின் நீண்ட ஆயுளுக்குப் பின்னால் நல்ல சாப்பாடும் சம்பளமும் மருத்துவமும் இருந்தன. நம் பையன் இருபத்தெட்டு வயதில் முழங்கால் கிழிந்து ஆட்டத்தை விடுகிறான். மறுவாரமே கட்டட வேலைக்கோ, லாரியில் சுமை ஏற்றவோ, தீப்பெட்டி ஆலைக்கோ போகிறான். ஒடுங்கிய வீடு, மலிந்த சாராயம், கந்துவட்டி. விளையாட்டு இதயத்துக்குத் தந்த கொடையைச் சில ஆண்டுகளில் வறுமை பிடுங்கிக்கொள்கிறது. மூளையில் விழுந்த அடியை மட்டும் யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை.

நிறத்துக்கு ஓர் அளவு, சாதிக்கு ஓர் அளவு

அமெரிக்கக் கதையில் நாம் முக்கியமாகப் படிக்க வேண்டிய பக்கம் இன்னொன்று. முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2015-இல் இழப்பீட்டு உடன்படிக்கைக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அறிவுத் தேய்வு இருப்பதாகச் சோதனையில் நிரூபித்தால் பணம். கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? அந்தச் சோதனையின் மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது ஒரு ‘திருத்தம்’ செய்தார்கள். கறுப்பினத்தவருக்கு அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிற திருத்தம். ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேரில் வெள்ளை வீரருக்கு ‘தேய்வு’ என்று எழுதினார்கள், கறுப்பு வீரருக்கு ‘இயல்பு’ என்று எழுதினார்கள். பணம் கிடைக்க வேண்டுமானால் கறுப்பு மூளை இன்னும் அதிகமாகச் சிதைந்திருக்க வேண்டும். கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரண்டு கறுப்பின வீரர்கள் 2020-இல் வழக்குத் தொடுத்தார்கள். வீரர்களின் மனைவியர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2021-இல்தான் லீக் இதைக் கைவிட ஒப்புக்கொண்டது.

‘நம்ம ஊரில் இப்படி இல்லை’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். நம் ஊரில் இதைச் செய்ய அட்டவணையும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் போதும்: “அவனுகளுக்கு உழைச்ச உடம்பு, தாங்கும்.” களத்தில் மயங்கியவனைத் தண்ணீர் அடித்து எழுப்பும்போது இந்த வாக்கியம் வருகிறது. மலக்குழியில் இறக்கிவிடும்போதும் இதுதான் வருகிறது. வெயிலில் கல் உடைப்பவளைப் பார்த்தும் இதையே சொல்கிறார்கள். பாராட்டுப் போலவே கேட்கும் இந்த வாக்கியத்தின் பொருள், இந்த உடம்பின் வலிக்குக் கணக்கு வைக்க வேண்டியதில்லை என்பதுதான். சாதி என்பது வேலைகளைப் பிரிப்பதல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-லேயே வாதிட்டார். களத்திலும் அந்த அடுக்கைப் பாருங்கள். விழாக்குழுத் தலைவர் யார், பரிசு கொடுக்க மேடையில் நிற்பவர் யார், விழுந்து எழுகிறவன் யார்?

கொடுமை என்னவென்றால், இந்தப் பொய்யை நாமும் நம்பிவிட்டோம். “நான் தாங்குவேன்” என்று நம் பையனே சொல்கிறான். வலிக்கிறது என்று சொல்வது அவனுக்கு ஊர்முன் தலைகுனிவு. எதிரணி வேறு சாதிக்காரர்களாக இருந்தால் அந்தத் தலைகுனிவு தெருவுக்கே உரியதாகிவிடுகிறது. வெளியே உட்கார வேண்டியவன் மறுபடி களத்தில் இறங்குவதற்கு இந்த மானப் பிரச்சினையே முதல் காரணம். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கல்லூரி மாணவன் ரைடு போன இடத்திலேயே விழுந்து இறந்ததைக் காணொளியில் எல்லோரும் பார்த்தோம். இரண்டு நாள் வருந்தினோம். மூன்றாம் நாள் அடுத்த ஊரில் மின்விளக்கு எரிந்தது.

ஆட்டம் முடிந்த பிறகு

மனநலம் என்றதும் எல்லாவற்றையும் மூளைக்காயத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. சமூகப் பணியில் நாங்கள் சந்திக்கிற முன்னாள் ஆட்டக்காரர்களின் துன்பத்துக்குப் பல வேர்கள் உண்டு. பத்து வருடம் ஊர் முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. முழங்கால் போனதும் ஒருவரும் கூப்பிடவில்லை. படிப்பைப் பாதியில் விட்டது, ஒதுக்கீட்டு வேலை வரும் என்று காத்திருந்து வயது போனது, வலிக்கு மாத்திரையில் தொடங்கிக் குடியில் முடிந்தது. இவற்றோடு, யாரும் எழுதி வைக்காத அந்தத் தலையடிகளும் சேர்ந்துகொள்கின்றன. எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமென்றால் முதலில் யாராவது அவனை ஒரு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

கூட்டிக்கொண்டு போவதில்லை. முப்பத்தைந்து வயதில் அவன் சாமான்களை வைத்த இடம் மறக்கிறான் என்றால் ‘குடிச்சுக் குடிச்சு மூளை மழுங்கிட்டு’ என்கிறோம். மனைவியைக் கை ஓங்கினால் ‘ஆம்பளைக் கோபம்’ என்கிறோம். ராத்திரி தூங்காமல் எழுந்து நடந்தால் ‘காத்துக் கருப்பு’ என்று கோயிலுக்கோ தர்காவுக்கோ கொண்டுபோகிறோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அதற்குப் பிறகும் நம் சிந்தனை அதிகம் மாறவில்லை. இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மூளைக்காயம் மனைவியை அடிக்க உரிமம் அல்ல. அடிபடுகிற பெண்ணின் பாதுகாப்புதான் முதலில். அவனுக்குச் சிகிச்சை தேடுவது அந்தப் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்.

அரசின் ஏடுகளில் இவனுக்கு இடமே இல்லை. 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். அந்தக் கூலிகளில் எத்தனை பேர் முன்பு கபடி ஆடியவர்கள் என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தப் பட்டியலில் விளையாட்டு வீரர் என்ற பிரிவே கிடையாது. இறக்கும்போது அவன் வீரன் அல்ல, கூலி. சுவரொட்டியில் வீரன், சவக்கிடங்கில் கூலி. எண்ணப்படாதவனுக்கு இழப்பீடும் இல்லை, மருத்துவமும் இல்லை.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: “இருக்கிற ஒரு விளையாட்டையும் பறிக்கப் பார்க்கிறீர்களா? போதையிலிருந்தும் வெட்டுக்குத்திலிருந்தும் பையன்களைக் காப்பதே கபடிதானே?” இல்லை, பறிக்கச் சொல்லவில்லை. காலனிக்காரர்கள் போட்டி நடத்த அனுமதி கேட்டால் ‘சட்டம் ஒழுங்கு’ என்று மறுக்கிற காவல் நிலையங்களுக்கு நாம் இன்னொரு காரணத்தைக் கையில் கொடுக்க மாட்டோம். பஞ்சாலையில் பஞ்சுத்தூசி நுரையீரலைத் தின்றபோது தொழிற்சங்கங்கள் ஆலையை மூடச் சொல்லவில்லை, முகக்கவசமும் இழப்பீடும் கேட்டன. நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். கபடியை உழைப்பாகப் பார்த்தால் மட்டுமே அதற்கு உரிமைகளும் கேட்க முடியும்.

மாட்டுக்கு உண்டு, மனிதனுக்கு?

2017 சட்டத்துக்குப் பிறகு ஜல்லிக்கட்டுக்கு விதிமுறைகள் உண்டு. மாவட்ட ஆட்சியரின் அனுமதி, தடுப்பு வேலி, காளைக்குக் கால்நடை மருத்துவரின் பரிசோதனை, களத்தில் மருத்துவக் குழு, ஆம்புலன்ஸ். நல்லது. கபடிப் போட்டிகளுக்கு அனுமதி தருகிற உத்தரவுகளில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும், சாதி அடையாளச் சீருடை கூடாது, போதையில் ஆடக் கூடாது, முதலுதவி ஏற்பாடு வேண்டும் போன்ற நிபந்தனைகளை விதித்திருக்கிறது. காவல்துறை இவற்றில் முதல் இரண்டைத்தான் படிக்கிறது. மூன்றாவதற்கு விழாக்குழு ஒரு பஞ்சுப் பொட்டலத்தையும் வலி மறக்கும் ஸ்பிரேயையும் காட்டிவிடுகிறது. காளைக்குத் தருகிற மருத்துவ மரியாதையை கபடி ஆடுகிற பையனுக்கும் தாருங்கள் என்று கேட்பது பெரிய ஆசையா?

நம் கோரிக்கைகள் இவை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருப்பதுபோல் ஊரக விளையாட்டு வீரர்களுக்கும் ஒரு நல வாரியம் வேண்டும். பதிவு, காப்பீடு, காயத்துக்கு உதவி எல்லாம் அதன் வழியாக வர வேண்டும். நலிந்த முன்னாள் வீரர்களுக்கு அரசு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. ஆனால் அதற்கு 58 வயதும் பெரிய போட்டிகளில் பெற்ற பதக்கமும் வேண்டும். நாற்பதில் நினைவு தேய்கிறவன் பதினெட்டு ஆண்டுகள் எங்கே போவான்? வயது வரம்பைக் காயத்துக்கு ஏற்பத் தளர்த்த வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் முன்னாள் வீரர்களுக்காகத் தனி நாள் ஒதுக்கிப் பரிசோதிக்க வேண்டும். மனநோயும் நாள்பட்ட நரம்பியல் குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 பிரிவுகளில் வருகின்றன. அந்தச் சான்றிதழ் கிடைக்க இவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகள் ஊரகக் கபடி வீரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆராய வேண்டும். அந்த ஆய்வில் ‘இந்த உடம்பு தாங்கும்’ என்ற திருத்தம் எந்தப் பெயரிலும் நுழையக் கூடாது.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த போட்டிக்கே நாம் செய்யக்கூடியவை உண்டு. தலையில் அடிபட்டுத் தடுமாறினால், குழம்பினால், கண் மங்கினால், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அன்றைக்கு அவன் ஆட்டம் முடிந்தது. கோப்பை போனாலும் சரி. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகக்கூடும். இளவயதினருக்கு அந்த ஆபத்து அதிகம். அன்று இரவு அவனைத் தனியாக விடாதீர்கள், குடிக்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கண்ணின் பாவைகள் இரண்டும் வெவ்வேறு அளவில் இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. தலைவலியும் மயக்கமும் முழுதாகப் போன பிறகு, மருத்துவர் பார்த்த பிறகு, படிப்படியாகத்தான் களத்துக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு அணியிலும் கல்லூரி படிக்கிற ஒருவர் ஒரு நோட்டு வைத்து, யாருக்கு எந்தத் தேதியில் தலையில் அடிபட்டது என்று எழுதுங்கள். இன்று அது வெறும் நோட்டு. பத்தாண்டு கழித்து நம் பக்கத்துச் சாட்சி.

ஆட்டத்தை விட்ட அண்ணன்மாரின் வீட்டுக்கும் போங்கள். “அண்ணே, தூக்கம் வருதா? மறதி இருக்கா? மனசு எப்படி இருக்கு?” என்று கேளுங்கள். பழைய கோப்பையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால் அறிவுரை சொல்லாமல் காது கொடுங்கள், கூடவே இருங்கள். டெலி மானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104, இரண்டும் இரவு பகலாகக் கிடைக்கும். 2017 மனநலச் சட்டப்படி தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தருவது அரசின் கடமை. காவல் நிலையத்துக்குப் பயந்து மருத்துவமனையைத் தவிர்க்கிற குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இடிக்கப்பட்டு உழப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1974-இல் அரசு நினைவுக் கோட்டையாகக் கட்டியது. இறந்த வீரர்களுக்கு நினைவிடம் கட்டுவதில் இந்த நாடு கெட்டிக்கார நாடு. நாம் கேட்பது நினைவிடம் அல்ல. ஆடி முடித்த நம் அண்ணன்களுக்கு அவர்களுடைய நினைவு கடைசிவரை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜெய் பீம்.